சாயப்பட்டறையின் பழைய ரெசிபிகள்: எதை வைப்பது, எதைத் தள்ளுவது?

திருப்பூரில் நடுத்தர அளவில் ஓடும் ஒரு சாயப்பட்டறையை எடுத்துக்கொள்வோம். பையர், அதாவது துணி வாங்கும் கம்பெனி, அனுப்பிய துணித்துண்டை லேபில் ஸ்பெக்ட்ரோவில் (நிறத்தை எண்ணாக அளக்கும் கருவி) வைத்துப் படிக்கிறார்கள். இதற்கு முன் போட்ட ஷேடுகளில் எது கிட்டத்தில் இருக்கிறது என்று மென்பொருள் தேடி எடுத்துத் தருகிறது. லேப் பையன் அந்த ரெசிபியில் (எந்தச் சாயம் எவ்வளவு என்ற பட்டியல்) மஞ்சளைக் கொஞ்சம் கூட்டி, சிவப்பைத் துளி குறைத்து லேப் டிப், அதாவது சின்னத் துண்டில் சோதனைச் சாயம், போடுகிறார். அப்ரூவல் வந்தால் மெஷினில் ஏற்றுகிறார்கள். ஓட்டி முடித்த ரெசிபி, அடுத்த ஆர்டருக்கு உதவட்டும் என்று, திரும்பவும் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கணினிக்காரர்கள் இதைக் கேஸ் பேஸ்டு ரீசனிங் என்பார்கள். விதிகளாக எழுதிவைக்காமல், நடந்த கேஸ்களைச் சேர்த்துவைத்து, புதிது வரும்போது ஒத்த பழையதை எடுத்துத் திருத்திக்கொள்ளும் முறை. 1994இல் ஆமோட், பிளாசா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை நான்கு படிகளாக எழுதினார்கள்: தேடி எடு, பயன்படுத்து, திருத்து, சேர்த்துவை. டையிங் மாஸ்டரின் டைரி இதே வேலையைத்தான் காலங்காலமாகச் செய்துவந்தது. நிறம் பொருத்துவதற்கே ஜெனரல் எலக்ட்ரிக்கின் பிளாஸ்டிக் பிரிவு 1995 முதல் இப்படி ஒரு முறையை வைத்திருந்தது. அங்கே துணிக்குப் பதில் பிளாஸ்டிக், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் சில வருஷம் நன்றாக ஓடும். அப்புறம் லேபில் முணுமுணுப்பு ஆரம்பிக்கும். "கம்ப்யூட்டர் குடுத்ததத்தானுங்க போட்டேன், டார்க் ஆயிப்போச்சு" என்பார்கள். நான்காவது படி வழியாக எது வேண்டுமானாலும் உள்ளே போயிருக்கும். எதுவும் வெளியே வந்திருக்காது. இந்தக் குவியலை என்ன செய்வது என்று முதலாளி கேட்கும்போது ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள், பழையதை அழி, சாஃப்ட்வேரை விட்டுச் சலிக்கச் சொல், பதிவுப் படிவத்தை மாற்று, புது ரெசிபி குவியலுக்குள் போகும் முன் வாசலிலேயே நிறுத்திப் பார். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாசல்தான் முதல் செலவு, அழிப்பது கடைசி. ஏன் என்பதற்கு ஒரு ரெசிபி எப்படிக் கெடுகிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு நேவி ப்ளூவின் கதை

காட்டன் சிங்கிள் ஜெர்சி, நேவி ஷேடு. லேபில் துணி எடையில் 3 விழுக்காடு சாயம் என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணியை ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுத்திருக்கிறார்கள். வெளுத்த பிறகு மிச்சமிருக்கும் பெராக்சைடைக் கில்லர் என்ற அதை முறிக்கும் மருந்து போட்டு முழுசாகப் போக்க வேண்டும். அன்றைக்கு அது சரியாக நடக்கவில்லை. துணியில் தங்கிய பெராக்சைடு, காட்டனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். லாட், அதாவது ஒரே தடவையில் மெஷினில் ஏற்றிய துணி, லைட்டாக வருகிறது. ராத்திரி ஷிப்ட். மாஸ்டருக்குப் போன் போகிறது. "டாப்பிங் போட்டு எறக்கீருங்க" என்கிறார். மேலே 0.4 விழுக்காடு சாயம் கூட்டுகிறார்கள், அதுதான் டாப்பிங். ஷேடு பிடித்துவிடுகிறது, லாட் பாஸ்.

காலையில் ஆபரேட்டர் மொத்தச் சாயத்தையும் கூட்டி 3.4 என்று பதிந்து, பாஸ் ஆன பல்க் ரெசிபி, அதாவது மெஷினில் ஓடிய ரெசிபி, என்று சேமிக்கிறார். துணியின் கலர் சரி, கூட்டல் சரி, ஆனால் ரெசிபி பொய். பெராக்சைடு தின்றதற்கான ஈடு அதற்குள் ஒளிந்திருக்கிறது, காரணம் எங்கேயும் எழுதப்படவில்லை.

அடுத்த சீசனில் அதே நேவி வருகிறது. இந்தத் தடவை துணி ஒழுங்காகக் கழுவப்பட்டிருக்கிறது. 3.4 போட்டால் டார்க். லைட்டாக வந்தால் டாப்பிங் போட்டுத் தப்பிக்கலாம், டார்க் ஆனால் ஹைட்ரோஸ், காஸ்டிக் என்ற ரசாயனங்களைப் போட்டுத் துணியிலிருந்து சாயத்தை உரிக்க வேண்டும். தண்ணீர், நீராவி, நேரம் எல்லாம் இரண்டு மடங்கு, துணியும் நோகும். எப்படியோ சரிசெய்து இம்முறை 3 என்று பதிகிறார்கள். இப்போது ஒரே ஷேடுக்கு இரண்டு ரெசிபிகள், இரண்டிலும் "பாஸ்" என்றே இருக்கிறது. எது உண்மை என்பதைப் பதிவை மட்டும் பார்த்து எந்த மனிதராலும் சொல்ல முடியாது, எந்த நிரலாலும் முடியாது.

கீழே வரும் ஒவ்வொரு யோசனையையும் இந்த 3.4 ரெசிபியின் மேல் வைத்துப் பார்ப்போம்.

எல்லாவற்றையும் வைத்திருப்பது

முன்பெல்லாம் கேஸ்களைக் குறைக்கச் சொன்னதற்கு முதல் காரணம் வேகம். சேர்த்துவைத்த அறிவு பெருகப் பெருகத் தேடும் நேரம் கூடி, கடைசியில் அறிவே சுமையாகிவிடுகிறது என்று 1980களின் கடைசியில் மின்டன் என்ற ஆய்வாளர் காட்டினார். ஒரு சாயப்பட்டறையைப் பொறுத்தவரை இந்தக் காரணம் செத்துவிட்டது. சில ஆயிரம் ரெசிபிகளைத் தேட இன்றைய சாதாரணக் கம்ப்யூட்டருக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். வட்டில் இடமும் மலிவு. எனவே "இடம் அடைக்கிறது, ஸ்லோ ஆகிறது, அழித்துவிடலாம்" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

ஆனால் அழிக்காமல் விடுவதும் இலவசம் இல்லை. திரையில் ஒரே மாதிரிப் பத்து நேவி வந்து நிற்கும்போது லேப் பையன் மேலே இருப்பதை எடுப்பார், இல்லையென்றால் தேதியில் கடைசியாக இருப்பதை எடுப்பார். நம் 3.4 அங்கே காத்திருக்கிறது. பல வருஷம் அதே பட்டறையில் இருக்கும் மாஸ்டர் ஒருவர் இருந்தால் இந்த முறையும் ஓடும். "அது தீபாவளி ரஷ்ஷுல போட்டது, அத எடுக்காதீங்க" என்று அவர் சொல்லிவிடுவார். அவர் வேறு கம்பெனிக்குப் போன மறுநாளே இந்த முறை சரிந்துவிடும்.

தேதி பார்த்து அழிப்பது

முதலாளிகளுக்குப் பிடித்த யோசனை இது. மூன்று வருஷத்துக்கு முந்தியதையெல்லாம் தூக்கு என்பார்கள். எளிமையானது. திருப்பூரில் இதற்கு ஒரு நியாயமும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாட்டுக்கு மாறித்தான் பட்டறைகள் திரும்ப ஓடின. அதற்கு முன், சாயம் துணியில் ஏறுவதற்காகப் போடும் மூட்டை உப்பை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து மீட்ட தண்ணீரும், உப்புக் கரைசலும் திரும்பி வர ஆரம்பித்தன. அந்தக் கரைசலின் அடர்த்தியும் காரத்தன்மையும் மூட்டை உப்பு மாதிரி ஒரே சீராக இருக்காது. பழைய ரெசிபியை அப்படியே போட்டால் ஷேடு ஓடிப்போகும்.

ஆக, பழைய ரெசிபிகள் கெட்டது உண்மை. ஆனால் கெடுத்தது வயது இல்லை, ஒரு நிகழ்வு. தண்ணீர் மாறியது, சாயம் விற்கும் கம்பெனி மாறியது, விஞ்ச் என்ற பழைய வகை மெஷினிலிருந்து தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் சாஃப்ட் ஃப்ளோவுக்கு மாறியது என்ற மாதிரி நிகழ்வுகள். அந்தத் தேதிக்கு முந்தியவற்றின் மேல் ஒரு குறி போட்டு, தேடலில் பின்னால் தள்ளிவைப்பது சரியான வேலை. காலண்டரைப் பார்த்து மொத்தமாக அழிப்பது வேறு வேலை.

டர்க்காய்ஸை, அதாவது பச்சை கலந்த நீலத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு தடவை வரும் ஷேடு. அதன் சாய மூலக்கூறு பெரியது, நூலுக்குள் மெதுவாகத்தான் போகும். மற்ற ரியாக்டிவ் சாயங்கள் 60 டிகிரியில் முடிந்தால் இதை 80 வரை கொண்டுபோவார்கள். பட்டறையில் இதற்கு ஒன்றிரண்டு ரெசிபிதான் இருக்கும், அதுவும் பழசாகவே இருக்கும். தேதி பார்த்து அழித்தால் முதலில் போவது இதுதான். "அத மட்டும் அழிச்சுப்போடாதீங்க தம்பி, அது ஒண்ணுதான் இருக்குது" என்று மாஸ்டர் பதறுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கையே ஆய்வாளர்கள் வேறு விதமாகப் போட்டிருக்கிறார்கள், அடுத்து அதைப் பார்க்கலாம். நம் 3.4 போன சீசனில் பதிந்தது என்பதால் தேதிச் சல்லடையில் பத்திரமாகத் தங்கிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

சாஃப்ட்வேரைச் சலிக்கச் சொல்வது

இங்கே ஒரு வழி இல்லை, பல வழிகள். பெயர்களை விட, ஒவ்வொன்றும் என்ன கேள்வி கேட்கிறது என்பதுதான் முக்கியம்.

1972இல் வில்சன் சொன்ன முறை இப்படி. ஒரு கேஸை மறைத்துவை. பக்கத்தில் உள்ள மூன்றைக் கேள். அவை சொல்லும் விடையும் இதில் எழுதியிருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் இதைத் தூக்கு. ரெசிபிக்குப் பொருத்தினால், பக்கத்து மூன்று நேவிகளிலிருந்து கணக்கிட்டால் 3 வருகிறது, பதிவில் 3.4 இருக்கிறது, ஆகவே சந்தேகம். நம் பொய் ரெசிபி மாட்டிக்கொண்டது, நல்லதுதான். ஆனால் வெளுக்கும் மெஷினில் அந்தக் கோளாறு ஒரு சீசன் முழுக்க இருந்திருந்தால்? பக்கத்து மூன்றும் அதே மாதிரிப் பொய்யாக இருக்கும். அப்போது ஒழுங்காகப் போட்ட ஒரே ரெசிபியைத்தான் இந்த முறை குற்றவாளி என்று நிறுத்தும். பெரும்பான்மை சொல்வதை நம்பும் எந்த முறைக்கும் இந்த ஆபத்து உண்டு. டர்க்காய்ஸுக்கோ பக்கத்தில் ஒத்த ஆளே இல்லை, அதற்கும் வெட்டு விழலாம்.

1968இல் ஹார்ட் சொன்னது எதிர்த்திசை. கையில் வைத்திருப்பவற்றைக் கொண்டே ஒரு புதுக் கேஸுக்கு விடை சொல்ல முடிந்தால் அது வேண்டாம். முடியாவிட்டால் மட்டும் சேர்த்துக்கொள். ஒரே நேவியை நாற்பது தடவை பதிந்துவைத்த இடத்தில் இது நன்றாக இளைக்க வைக்கும். ஆனால் நம் 3.4ஐப் பாருங்கள். மற்ற எதைக் கொண்டும் அதைக் கணிக்க முடியாது. ஆகவே ஹார்ட்டின் முறை அதை அருமையான கேஸ் என்று வைத்துக்கொள்ளும், நல்ல நேவிகளில் பலதை வெளியே தள்ளும். முடிவில் குவியல் சின்னதாகும், அதில் பொய்யின் பங்கு கூடும். அதனால்தான் வில்சன் மாதிரி ஒன்றை ஓட்டிவிட்டுத்தான் ஹார்ட் மாதிரி ஒன்றை ஓட்ட வேண்டும் என்பார்கள். வரிசை மாறினால் கெடுதல் அதிகம்.

1995இல் ஸ்மித், கீன் இருவரும் எழுதியது எனக்கு இன்னும் பிடிக்கும். ஒவ்வொரு கேஸைப் பற்றியும் அவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள்: இது எத்தனை சிக்கலுக்கு விடை சொல்கிறது? இது இல்லாவிட்டால் இதன் சிக்கலுக்கு வேறு யார் விடை சொல்வார்? வேறு யாருமே இல்லையென்றால் அது அச்சாணி, தொடக் கூடாது. மற்றொன்றின் எல்லைக்குள்ளேயே முழுசாக அடங்கிவிட்டால் அது உபரி, முதலில் போகலாம். மாஸ்டர் டர்க்காய்ஸுக்காகப் பதறியது இந்தக் கணக்குதான். இதற்கும் இரண்டு இடறல் உண்டு. ஒன்று, பொய்யான கேஸும் தனியாக நிற்பதால் அச்சாணி மாதிரியே தெரியும், 3.4க்கு இங்கே பாதுகாப்புக் கிடைத்துவிடும். இரண்டு, இன்று கையில் இருக்கும் கேஸ்கள்தான் நாளை வரப்போகும் சிக்கல்களின் மாதிரி என்று இந்தக் கணக்கு நம்புகிறது. பையரின் கலர் அட்டை சீசனுக்குச் சீசன் மாறும் ஊரில் அதை முழுசாக நம்ப முடியாது.

கடைசியாக, டிலேனி, கனிங்ஹாம் இருவரும் 2004இல் ஸ்பேம் மின்னஞ்சலைப் பிரிப்பதற்காகச் செய்த முறை. சாயத்துக்கும் ஸ்பேமுக்கும் சம்பந்தமே இல்லைதான், ஆனால் இவ்வளவு முறைகளில் நம் ஊருக்கு ஒத்துவருவது இதுதான் என்பேன். தப்பாக எழுதப்பட்ட கேஸ் எது என்று வில்சன் தேடினார். இவர்கள், மற்றவற்றைத் தப்பான பக்கம் இழுத்துப் போன கேஸ் எது என்று தேடினார்கள். பழி யார் மேல் விழுகிறது என்று பார்ப்பது. அதோடு, பழி விழுந்ததாலேயே அழித்துவிடுவதில்லை. அதை எடுத்துவிட்டால், அது சரியாக வழிகாட்டிய இடங்கள் தடுமாறுமா என்று பார்த்து, தடுமாறாவிட்டால்தான் எடுப்பார்கள். நிறைய ஓடும் ரெசிபிக்குப் பழியும் நிறையச் சேரும் என்பதால் இந்த இரண்டாவது பார்வை ரொம்ப அவசியம்.

இதைச் சாயப்பட்டறையில் செய்ய ஒரே ஒரு விவரம் வேண்டும். ஒவ்வொரு புது லாட்டும் எந்தப் பழைய ரெசிபியிலிருந்து கிளம்பியது என்பது பதிவில் இருக்க வேண்டும். எத்தனை டாப்பிங், எத்தனை உரிப்பு என்பது எப்படியும் செலவுக் கணக்குக்காக எழுதப்படுகிறது. கிளம்பிய இடத்தை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்தால், ஆறு மாதத்தில் 3.4 தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்: அதிலிருந்து கிளம்பியதெல்லாம் டார்க்.

ரெசிபியைத் தொடாமல் மற்றதைத் திருத்துவது

இப்படிப்பட்ட அமைப்பில் அறிவு நான்கு பாத்திரங்களில் இருக்கிறது என்று ரிக்டர் என்ற ஆய்வாளர் சொல்வார்: எதையெல்லாம் பதிகிறோம் என்ற சொற்பட்டியல், எது எதற்குக் கிட்டம் என்ற அளவுகோல், கேஸ்கள், திருத்தும் விதிகள். கேஸ் கெட்டுப்போச்சு என்று நாம் திட்டும் நேரத்தில் பாதி தடவை ஓட்டை முதல் பாத்திரத்தில்தான் இருக்கும்.

விஞ்சில் துணிக்கு 15, 20 மடங்கு தண்ணீர் நிற்கும். சாஃப்ட் ஃப்ளோவில் 6 முதல் 8 மடங்கு. தண்ணீர் குறையக் குறையச் சாயம் துணியை நன்றாகப் பிடிக்கும். ஆகவே அதே விழுக்காடு சாயம் ஒரு மெஷினில் ஒரு ஷேடு, இன்னொன்றில் இன்னொரு ஷேடு. பதிவில் தண்ணீர் அளவுக்கு ஒரு கட்டமே இல்லையென்றால் இரண்டு உண்மையான ரெசிபிகள் ஒன்றையொன்று பொய் என்று சொல்லிக்கொண்டு நிற்கும். எந்தச் சல்லடையைக் கொண்டுவந்தாலும் இரண்டில் ஒரு நல்லதைத்தான் தள்ளும். இங்கே அழிக்க எதுவுமே இல்லை. கட்டம் சேர்க்க வேண்டும், பழையவற்றுக்கு எந்த மெஷினில் ஓடியது என்ற லாட் ரிஜிஸ்டரைப் பார்த்து நிரப்ப வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் ஒரு தடவைதான்.

ஒன்றாகச் சேர்ப்பது பற்றியும் ஒரு சொல். நாற்பது நேவியைச் சராசரி போட்டு ஒன்றாக்கலாம் என்பார்கள். வேறு வேறு கம்பெனிச் சாயத்தில் போட்டதைச் சராசரி எடுத்தால் எந்த மெஷினிலும் ஓடாத ஒரு ரெசிபிதான் கிடைக்கும். ஒரே சாயம், ஒரே வகை மெஷின் என்றால் சேர்க்கலாம். அப்போதும் எத்தனை லாட், எவ்வளவு ஏற்ற இறக்கம் என்பதைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிறுத்திப் பார்ப்பது

1990களின் கடைசியில் ஜெர்மனியில் டைம்லர் கிறைஸ்லரின் கம்ப்யூட்டர் உதவி மேசைக்காக ஹோமர் என்று ஒன்றைச் செய்தார்கள். அதில் உதவி மேசை ஆட்கள் பதியும் கேஸ் நேராகக் குவியலுக்குள் போகாது. இடையில் ஒரு காத்திருப்பு இடம். பொறுப்பான ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். தனி மென்பொருள் வித்தை எதுவும் இல்லை, வேலையைப் பிரித்ததுதான் வித்தை.

நம் 3.4 இந்த வாசலில் நின்றிருந்தால்? காலையில் பார்ப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார்: லேபில் 3, பல்க்கில் 3.4, நடுவில் என்ன நடந்தது? ராத்திரி ஷிப்ட் ஆட்களுக்கு அது அப்போதும் ஞாபகம் இருக்கும். ஆறு மாதம் கழித்து எந்த நிரலும் கண்டுபிடிக்க முடியாத காரணத்தை அன்றைக்கு ஒரு போனில் வாங்கிவிடலாம். "பெராக்சைடு போகல" என்று எழுதி, 3 என்பதை ரெசிபியாகவும் 0.4 என்பதை அன்றையக் கோளாறுக்கான திருத்தமாகவும் தனித்தனியே வைத்தால் விஷயம் முடிந்தது. இந்த முறைக்கு நான் முதல் இடம் கொடுப்பது இதனால்தான். மற்ற முறைகள் எண்களைப் பார்த்து ஊகிக்கின்றன. காரணம் மறக்கப்படுவதற்கு முன் கேட்கும் முறை இது ஒன்றுதான்.

செலவு ஆள் நேரம். தினமும் எல்லா லாட்டையும் பார்க்க வேண்டியதில்லை. டாப்பிங் விழுந்தவை, டெல்டா இ (நிற வித்தியாசத்தின் அளவு) ஒன்றைத் தாண்டி மறுபடி சரிசெய்தவை, லேபுக்கும் பல்க்குக்கும் வித்தியாசம் வழக்கத்தை விடக் கூடியவை, இவற்றை மட்டும் நிறுத்தினால் போதும். சுத்தமாக ஓடியவை நேராக உள்ளே போகட்டும்.

யாருக்கு எது

நாலைந்து மெஷின் வைத்து ஜாப் ஒர்க், அதாவது மற்றவர்கள் துணிக்குக் கூலிக்குச் சாயம் போடும் வேலை, செய்பவர்கள் வாசலும், கிளம்பிய ரெசிபிக்கான கட்டமும் வைத்தால் போதும். சலிக்கும் நிரல் எதுவும் வாங்க வேண்டாம். நிட்டிங், டையிங், கார்மென்ட் எல்லாம் சொந்தமாக வைத்து, பல வருஷக் குவியலோடு இருப்பவர்கள் முதலில் தண்ணீர், மெஷின், சாயக் கம்பெனி இந்த மூன்று கட்டங்களையும் நிரப்பட்டும். அப்புறம் வில்சன் மாதிரி ஒன்றை ஓட்டலாம், ஆனால் அது அழிக்கக் கூடாது, பட்டியல் மட்டும் தரட்டும். பழிக் கணக்கு சேரச் சேர அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கலாம். இரண்டிலும் வருவதை லேபில் ஒரு டிப் போட்டுப் பார்த்துவிட்டுப் பழைய கோப்புக்குத் தள்ளுங்கள். புதிதாக மென்பொருள் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியது இரண்டு: அழிக்காமல் ஒதுக்கிவைக்க முடியுமா? நம் பதிவுகளை முழுசாக வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா?

வாசலில் யாரை நிறுத்துவது என்பதில்தான் பட்டறைகளில் சண்டை வரும். டாப்பிங் சொன்ன மாஸ்டரே ஒப்புதலும் போட்டால், தன் கையெழுத்தைத் தானே சரிபார்ப்பதாகிவிடும். லேப் இன்சார்ஜ் பார்த்து, மாஸ்டரிடம் காரணம் கேட்டு எழுதுவது நல்லது. அவர் வயதில் சின்னவராக இருந்தால் கேட்கக் கூச்சப்படுவார், ஆகவே காரணம் நிரப்பாமல் ரெசிபி உள்ளே போகாது என்பதை முதலாளியே ஒரு விதியாகச் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ரஷ்ஷில் பார்க்க நேரமே இருக்காது. அப்போது காத்திருப்பில் கிடக்கட்டும், தேடலில் மட்டும் வரக் கூடாது. கிடந்து காரணம் மறந்துபோனால் அப்படியே பழைய கோப்புக்குப் போகட்டும். அந்த ஷேடு திரும்ப வந்தால் புதிதாக லேப் டிப் போட்டுக்கொள்ளலாம். ஒரு லாட்டை உரித்து மறுபடி சாயம் போடும் செலவுக்குப் பக்கத்தில்கூட அது வராது.